பழுதான சரக்கு வண்டியைக் கட்டி இழுக்கும் முன்...



நமது இதழில் விலைவாசி, வரி, உரிமம், கொள்முதல் பற்றியெல்லாம் பலரும் எழுதி வருகிறார்கள். இம்முறை நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சற்று வேறானது. சரக்கு ஏற்றி வரும் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அதை எப்படிப் பத்திரமாக ஊர் கொண்டு வந்து சேர்ப்பது என்பதுதான் அது. 'இது டிரைவரும் மெக்கானிக்கும் பார்த்துக்கொள்ளும் வேலை, மளிகைக் கடைக்காரனுக்கு இதில் என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கலாம். 2011-ஆம் ஆண்டு வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்துக்கு நாம் கொடுத்த விலையை மற்றவர்களும் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் நமது தந்தையார் மண்டி வைத்திருந்த காலத்தில் வியாபாரிக்குச் சொந்த வண்டி என்பதே அபூர்வம். வெளியூர்ச் சரக்கு லாரியில் வரும். உள்ளூர் விநியோகம் மாட்டு வண்டியில் போகும். லாரி வழியில் நின்றால் அது லாரிக்காரர் பாடு. சரக்கு இரண்டு நாள் தாமதமாக வருமே தவிர, வியாபாரிக்கு வேறு தொல்லை இல்லை.

2005-இல் நம் மக்கள் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் வைத்த டாடா ஏஸ் வந்தது. முக்கால் டன் சரக்கை ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் நுழைந்து வந்தது. அதைத் தொடர்ந்து ஒன்றேகால் டன், ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் வண்டிகள் பெருகின. நம்மைப் போன்ற நடுத்தர மண்டிக்காரர்கள்கூடக் கடன் வாங்கி ஒன்றோ இரண்டோ வண்டி நிறுத்திக்கொண்டோம். வாடகை மிச்சமாயிற்று, நினைத்த நேரத்தில் சரக்கு எடுக்க முடிந்தது. ஆனால் அதுவரை லாரிக்காரர் தலையில் இருந்த கவலை நம் தலைக்கு மாறியது. வண்டி நின்றால் இப்போது டிரைவர் போன் செய்வது முதலாளிக்குத்தான். அந்தப் போனில் முதலாளி என்ன சொல்கிறாரோ அதுதான் நடக்கும்.

தொப்பூர் இறக்கத்தில் நடந்தது

அது மாசி மாதம், புளி சீசன். கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து நமது பிக்கப் வண்டி 50 கிலோ மூட்டை 24 ஏற்றிக்கொண்டு சேலம் வந்துகொண்டிருந்தது. தருமபுரி தாண்டியதும் டீசல் பம்பு போய் என்ஜின் நின்றுவிட்டது. காலை பத்து மணிக்கு டிரைவர் போன் செய்தார். தருமபுரியில் கிரேன் வைத்திருந்த ஒருவரிடம் விசாரித்ததில், சேலம் கொண்டு வந்து விட 3,500 ரூபாய் கேட்டார்.

'மூவாயிரத்து ஐநூறா?' என்று நமக்கு மனம் வரவில்லை. நமது இன்னொரு வண்டி, அதே அளவுள்ள பிக்கப், கடை வாசலில் காலியாக நின்றது. அதில் மண்டியில் கிடந்த நைலான் கயிற்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அந்த வண்டியின் டிரைவருடன் நாமே புறப்பட்டுப் போனோம்.

அங்கே போய்க் கயிற்றை இரட்டையாக மடித்துக் கட்டும்போது, பழுதான வண்டியின் டிரைவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"முதலாளி, மூட்டையெல்லாம் இந்தக் காலி வண்டிக்கு மாத்திட்டுக் கட்டுவோமா? முன்னால தொப்பூர் இறக்கம் இருக்குது."

"இங்க லோடுமேனுக்கு எங்க போறது? இறக்கி ஏத்தக் கூலி, அப்புறம் ஒரு மணி நேரம் வீண். மெதுவா ஓட்டிட்டு வந்துடலாம், உனக்குத் தெரியாததா?" என்றோம்.

அவர் இருபது வருடம் வண்டி ஓட்டியவர். முதலாளி சொன்ன பிறகு மறுபேச்சுப் பேசும் பழக்கம் அவருக்கில்லை. பழுதான வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

சமதரையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அந்தத் தைரியத்தில் முன் வண்டியில் இருந்த நாம், "கொஞ்சம் மிதிப்பா, பாங்க் மூடறதுக்குள்ள போகணும்" என்று டிரைவரை அவசரப்படுத்தினோம். வேகம் 40-ஐத் தொட்டது. இறக்கம் தொடங்கிய சிறிது நேரத்தில் முன்னால் போன லாரி வேகம் குறைத்தது. நமது டிரைவரும் பிரேக்கில் கால் வைத்தார். அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரத்தில் பின்னால் 'படார்' என்று மோதியது. நமது வண்டியே நமது வண்டியை மோதியிருந்தது. பின் வண்டியின் முகப்பு நசுங்கி, டிரைவரின் வலது முழங்கால் உள்ளே சிக்கிக்கொண்டது. கம்பியை நெம்பி அவரை வெளியே எடுக்க அரை மணி ஆயிற்று. 108 ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிச் சென்றது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் சொன்னார்: "நான் அழுத்தித்தான் மிதிச்சேன் முதலாளி. பெடல் கல்லு மாதிரி நின்னுடுச்சு."

அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. தம் மேல் தவறில்லை என்று நமக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அதுதான் நம்மை இன்றுவரை உறுத்துகிறது.

வரவு செலவு

வியாபாரிக்கு எதையும் கணக்காகச் சொன்னால்தான் மனதில் பதியும். எனவே அந்த நாளின் கணக்கை இங்கே வைக்கிறோம்.

மிச்சம் பிடித்தது: கிரேன் வாடகை 3,500 ரூபாய். இறக்கி ஏற்றும் கூலி சுமார் 600 ரூபாய். ஆக 4,100 ரூபாய்.

செலவானது: டிரைவரின் ஆபரேஷனும் மருந்தும் 82,000 ரூபாய். பின் வண்டி முகப்பு வேலை 41,000. முன் வண்டியின் பின்கதவும் பாடியும் 9,500. மூன்று மாதம் அவர் வீட்டுக்குக் கொடுத்த சம்பளம் 22,500. ஆக 1,55,000 ரூபாய்.

இன்னொரு பற்று உண்டு, அதற்குத் தொகை போட முடியாது. அந்த டிரைவரால் அதன் பிறகு வண்டி ஓட்ட முடியவில்லை.

பெடல் ஏன் கல்லாயிற்று?

இதை நமக்கு விளக்கியவர் நமது வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக். நாம் புரிந்துகொண்டபடி சொல்கிறோம்.

இன்றைய சிறு சரக்கு வண்டிகளில் டிரைவரின் கால் பலம் மட்டும் வண்டியை நிறுத்துவதில்லை. என்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிட உறிஞ்சல் ஒரு பெரிய டப்பாவில் சேர்ந்திருந்து, கால் அழுத்துவதைப் பல மடங்காக்கிக் கொடுக்கிறது. என்ஜின் நின்றுவிட்டால் அந்தச் சேமிப்பு இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பிறகு பெடல் இறுகிவிடும். பிரேக் அறவே இல்லை என்பதில்லை. முழுப் பலத்தோடு மிதித்தால் ஓரளவு பிடிக்கும். ஆனால் ஏற்றிய வண்டியை இறக்கத்தில் உடனே நிறுத்த அது போதாது. பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கும் அதேபோல் கனத்துவிடும்.

இரண்டாவது காரணம் எடை. பின்னால் வந்த வண்டி சரக்கோடு ஏறக்குறைய மூன்று டன். முன்னால் இழுத்த நமது காலி வண்டி அதில் பாதிக்குச் சற்று மேல். இறக்கத்தில் கனமானது லேசானதைத் தள்ளும். இழுக்கும் வண்டி எப்போதும் இழுபடும் வண்டியைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் பாடம். டிரைவர் கேட்டபடி 24 மூட்டையையும் முன் வண்டிக்கு மாற்றியிருந்தால் கனம் முன்னாலும் லேசு பின்னாலும் ஆகியிருக்கும். செலவு ஒரு மணி நேரமும் 600 ரூபாயும்தான்.

மூன்றாவது காரணம் வேகம். 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடுகிறது. கயிற்றின் நீளம் ஐந்து மீட்டர் என்றால் அதைக் கடக்க அரை வினாடிகூட ஆகாது. முன் வண்டி நிற்பதைக் கண் பார்த்து, கால் பெடலுக்குப் போய் அழுத்துவதற்கே எப்படிப்பட்ட டிரைவருக்கும் ஒரு வினாடி அளவு ஆகிவிடும். ஆக, மோதல் நடந்தது டிரைவரின் திறமைக் குறைவால் அல்ல. முடியாத ஒன்றை நாம் அவரைச் செய்யச் சொன்னோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கெல்லாம் விதி இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளிலேயே கட்டி இழுப்பது பற்றித் தெளிவாகக் கூறப்பட்டிருந்தது. பழுதான வண்டியை அருகிலுள்ள ஒர்க் ஷாப் வரையில்தான் இழுக்கலாம். இழுபடும் வண்டியின் ஸ்டீயரிங்கில், அந்த வகை வண்டி ஓட்ட லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையேல் அதன் முன்சக்கரங்களைத் தரையில் படாமல் கிரேன் போன்ற சாதனத்தால் உறுதியாகத் தூக்கியிருக்க வேண்டும். இரு வண்டிகளுக்கும் இடைவெளி ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணுக்கு நன்கு தெரிய வேண்டும். பின் வண்டியின் பின்புறம் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாத கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று ஆங்கிலத்தில் எழுதித் தொங்கவிட வேண்டும். வேகம் மணிக்கு 24 கி.மீ.க்கு மேல் கூடாது. இவையே அந்த விதிகள்.

2017-இல் புதிய ஓட்டுதல் விதிமுறைகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. கட்டி இழுப்பதற்கென அதிலும் விதிகள் உண்டு. 24 கி.மீ. என்ற எண்ணைக் கேட்டுச் சிரிப்பவர்கள் மேலே சொன்ன கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்கட்டும். அந்த வேகத்தில்கூட ஐந்து மீட்டரைக் கடக்க முக்கால் வினாடிதான் ஆகிறது.

கிளீனர் பையனைப் பழுதான வண்டியில் உட்கார வைத்து, 'ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சுக்கோ, போதும்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. கட்டி இழுக்கும்போது கடினமான வேலை பின் வண்டிக்காரருடையதுதான். இரண்டு டிரைவர்களில் யார் கைதேர்ந்தவரோ அவரே பின்னால் உட்கார வேண்டும்.

வண்டி நின்றவுடன்

பழுது ஏற்பட்டதும் முதல் வேலை, வண்டியைச் சாலையின் இடது ஓரத்தில் முடிந்தவரை ஒதுக்கி, நான்கு விளக்கும் சிமிட்டும்படி போடுவது. எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் ஐம்பது மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். பெரிய கல்லையும் மரக்கிளையையும் வைத்துவிட்டு, புறப்படும்போது அப்படியே விட்டுப் போகும் வழக்கம் நம் டிரைவர்களுக்கு உண்டு. இருட்டில் அந்தக் கல்லே இன்னொரு குடும்பத்துக்கு எமனாகிவிடும். சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுப்பதும், ஆட்கள் வண்டிக்குப் பின்னால் சாலையில் நிற்காமல் ஓரத் தடுப்புக்கு அப்பால் நிற்பதும் அவசியம்.

தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ரோந்து வண்டியும் கிரேனும் வந்து, பழுதான வண்டியைப் போக்குவரத்திலிருந்து அப்புறப்படுத்த உதவுவார்கள். இந்த எண்ணை ஒவ்வொரு டிரைவரும் வண்டியிலேயே எழுதி ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

கயிற்றில் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால்

குறைந்த தூரம், சமதரை, பகல் நேரம், கூட்டமில்லாத சாலை ஆகிய நான்கும் பொருந்தினால் மட்டுமே கயிற்றைப் பற்றி யோசிக்கலாம். மலைப்பாதையிலும் நீண்ட இறக்கத்திலும் கயிறு அறவே கூடாது. ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் நண்பர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

முதலில் சரக்கை இறக்குங்கள், அல்லது முன் வண்டிக்கு மாற்றுங்கள். பிறகு கயிற்றைச் சேஸிஸில் உள்ள இழுவைக் கொக்கியில் கட்டுங்கள். பம்பர், பட்டை, ஸ்டீயரிங் ராடு ஆகியவற்றில் ஒருபோதும் கட்டாதீர்கள். இழுக்கும் வேகத்தில் பம்பர் கழன்று கையோடு வரும், ராடு வளைந்தால் ஸ்டீயரிங்கே போய்விடும். மூட்டை கட்டும் கயிறு இதற்கு உதவாது. வண்டியின் எடையைத் தாங்குமென்று எழுதி விற்கும் இழுவைப் பட்டையை வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள். சங்கிலி எளிதில் அறுபடாது என்றாலும் ஒவ்வொரு குலுக்கலிலும் வெட்டி இழுக்கும். நைலான் கயிறு நீண்டு கொடுக்கும், ஆனால் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். எனவே கயிறு விறைக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கலாகாது. கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

கயிற்றைவிட மேலானது 'டோ பார்' எனப்படும் இரும்புக் கம்பி. அது இடையில் விறைப்பாக நிற்பதால் பின் வண்டி முன் வண்டியில் ஏறுவதைத் தடுக்கிறது. அப்படியும் பின் வண்டியின் கனம் முழுவதும் முன் வண்டியின் பிரேக் மேல்தான் விழும் என்பதால் எடை விதி இங்கும் மாறாது.

பின் வண்டியில் சாவியை எடுக்கவே கூடாது. எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். முதல் வளைவிலேயே வண்டி நேராகப் போய்விடும். சாவியைத் திருப்பி வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கை எடுத்த பிறகே புறப்பட வேண்டும். ஓடத் தொடங்கியதும் பின் டிரைவர் பிரேக்கை அழுத்திப் பார்த்து, அது எவ்வளவு பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. தொய்வு தெரிந்தால் மெல்லப் பிரேக் பிடித்துக் கயிற்றை விறைப்பாக்க வேண்டும். ஒரு ஹார்ன் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

காற்றுப் பிரேக் உள்ள லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஜின் ஓடாமல் காற்று இறங்கிவிட்டால், அத்தகைய பல வண்டிகளில் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை இழுத்தால் டயர் தேய்ந்து புகையும். அதை விடுவிக்க முறை இருக்கிறது. ஆனால் விடுவித்த பின் அந்தப் பிரேக் இல்லாமலே வண்டி ஓடும் என்பதால் மெக்கானிக் இல்லாமல் யாரும் கை வைக்க வேண்டாம்.

தூக்கி இழுப்பதும் ஏற்றிச் செல்வதும்

கிரேன் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு இழுத்து வந்தால் மோதல் பயம் தீர்ந்தது. ஆனால் அதிலும் வியாபாரி அறிய வேண்டிய ஒன்று உண்டு. நமது பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பின்சக்கரத்தால் உந்தப்படுபவை. முன்சக்கரத்தைத் தூக்கினாலும் பின்சக்கரம் தரையில் உருண்டு, புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றி, கியர் பாக்ஸின் பின்பகுதியைச் சுழற்றுகிறது. என்ஜின் ஓடாததால் உள்ளே எண்ணெய் வாரி இறைக்கப்படுவதில்லை. எண்ணெய் இல்லாமல் நெடுந்தூரம் சுழன்றால் கியர் பாக்ஸ் கெட்டுவிடக்கூடும். பம்பு வேலைக்குப் போன வண்டி கியர் பாக்ஸ் வேலையோடு திரும்பும்.

எனவே நெடுந்தூரம் இழுப்பதானால் ஷாஃப்டைக் கழற்றிப் பத்திரமாகக் கட்டி வைக்க வேண்டும். கழற்றிய பின் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது என்பதையும் நினைவில் கொள்க. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தே ஆக வேண்டும். மூட்டையோடு முன்பக்கத்தைத் தூக்கினால் சரக்கு பின்னோக்கிச் சரிந்து பின் அச்சில் பாரம் ஏறும். ஆகவே கிரேனானாலும் சரக்கை இறக்குவதே முறை.

அமெரிக்காவில் 'டோ டாலி' என்றொரு சாதனம் வழக்கத்தில் உள்ளது. இரண்டே சக்கரமுள்ள சிறு தள்ளுவண்டி போன்றது அது. இழுபடும் வண்டியின் முன்சக்கரங்களை அதன் மேல் ஏற்றி வாரால் இறுக்கி, இன்னொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுப்பார்கள். வீடு மாறுகிறவர்கள் அதை வாடகைக்கு எடுத்துக் காரை இழுத்துச் செல்வது அங்கே சாதாரணம். பெரிய பிக்கப் வண்டியை அதில் இழுக்க நினைப்பவர்களுக்கு அங்கே சொல்லப்படும் எச்சரிக்கைகள் நமக்கும் பழக்கமானவைதான்: இழுக்கும் வண்டி கனமாக இருக்கட்டும், டாலி தாங்கும் எடையைத் தாண்டாதே, பின்சக்கர வண்டியானால் ஷாஃப்டைக் கழற்று, சிறிது தூரம் போனதும் நிறுத்தி வாரை மறுபடி இறுக்கு, டாலியோடு பின்னோக்கி ஓட்டாதே. கருவி எதுவானாலும் எடையும் பிரேக்கும் பார்க்காமல் தப்ப முடியாது.

எல்லாவற்றிலும் பத்திரமானது, வண்டி முழுவதையும் மேலே ஏற்றிச் செல்லும் தட்டையான ரிக்கவரி லாரி. வாடகை கூடுதல்தான். ஆனால் நான்கு சக்கரமும் தரையில் படாது. இப்போது பெருகி வரும் மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கு இதுவே ஏற்றது. அவற்றில் மோட்டார் சக்கரத்தோடு இணைந்திருப்பதால், தரையில் உருட்டி இழுத்தால் மோட்டாருக்கும் மின்சாதனங்களுக்கும் கேடு வரலாம். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டே எதையும் செய்ய வேண்டும்.

பில்லும் பாலிசியும்

சரக்கை வேறு வண்டிக்கு மாற்றும்போது இ-வே பில்லை மறந்துவிடாதீர்கள். சரக்கை மாற்றும் முன் புதிய வண்டியின் எண்ணை அதன் இரண்டாம் பகுதியில் பதிய வேண்டும். இல்லையேல் நல்ல சரக்கும் நல்ல பில்லும் இருந்தும் வழிச் சோதனையில் மாட்டிக்கொள்வோம். பழுது பார்ப்பதில் நாள் கடந்துவிட்டால், காலாவதியாவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டித்துக்கொள்ள வழி உண்டு.

இன்ஷூரன்ஸ் பாலிசியை நாம் தவணை கட்டும்போது தவிர எடுத்துப் பார்ப்பதில்லை. சரக்கு வண்டிகளின் வழக்கமான பேக்கேஜ் பாலிசியில், பழுதான ஒரு வண்டியை இழுத்துச் செல்ல அனுமதி உண்டு. ஆனால் அதற்குக் கூலி வாங்கக் கூடாது. அதோடு, இழுபடும் வண்டிக்கும் அதிலுள்ள சரக்குக்கும் ஏற்படும் சேதத்துக்கு இழுக்கும் வண்டியின் பாலிசி பொறுப்பேற்காது. நண்பரின் வண்டியைக் கட்டி இழுத்து உதவப் போகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. விபத்துக்குள்ளான வண்டியை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போகும் செலவுக்கும் ஒரு தொகை வரை அதில் இடமுண்டு. 2011-இல் நமது பழைய வண்டிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தோம். 41,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. வழியில் நின்றால் உதவிக்கு வரும் திட்டங்கள் இப்போது பாலிசியோடு சேர்த்தே கிடைக்கின்றன. அடுத்த தவணையின்போது கேட்டுப் பாருங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

அந்த டிரைவர் இப்போது நமது மண்டியிலேயே எடை மேடையில் இருக்கிறார். படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். விடியற்காலையில் வண்டி புறப்படும்போது, யாரும் சொல்லாமலே அவர் போய்ப் பெட்டியைத் திறந்து, முக்கோணம், இழுவைப் பட்டை, மரக்கட்டை இரண்டு, டார்ச் விளக்கு எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கேட்டைத் திறந்துவிடுகிறார். ஒரு நாளும் தவறியதில்லை.

வழியில் நிற்கும் டிரைவருக்குத் தெரியாத விஷயம் எதையும் நாம் இங்கே எழுதிவிடவில்லை. அன்றைக்கு அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. 'மூட்டையை மாத்திடலாம்' என்று அவர்தான் சொன்னார். தெரியாமலிருந்தது முதலாளிக்குத்தான். 'செலவு ஆகும், முதலாளி கோபிப்பார்' என்ற பயத்திலேயே பல டிரைவர்கள் வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்தைப் போக்குவது நம் கடமை.

ஆகவே வணிகப் பெருமக்கள் ஒவ்வொருவரும், இதைப் படித்து முடித்ததும் தங்கள் டிரைவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்: "வண்டி நின்னா முதல்ல மூட்டையை இறக்குப்பா. கூலியும் கிரேன் வாடகையும் நான் தர்றேன்."